ஒரு நாற்காலிக்கு இரண்டு மேடம்

ஒரே தெருவில், ஒரே மதிலின் இரண்டு பக்கமும் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. இந்தப் பக்கம் மூக்கு ஒழுகும் வயதுப் பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளி. அந்தப் பக்கம், அதே மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளத் தெரிந்துவிட்ட பிள்ளைகளுக்கான பெரிய பள்ளி. இங்கே தலைமையாசிரியை சின்ன மேடம், அங்கே பெரிய மேடம். ஊர் அப்படித்தான் அழைத்தது. பெரிய மேடம் சின்ன மேடத்துக்கு நாத்தனார் என்பதும் ஊருக்குத் தெரியும். பெரிய மேடத்தின் ஒரே தம்பியைத்தான் சின்ன மேடம் கட்டிக்கொண்டிருந்தாள். மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கீழே தம்பியும் அவர் மனைவியும், மாடியில் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்கா.

வீட்டில் 'அண்ணி' என்றும் 'ஏம்மா' என்றும் பேசிக்கொள்ளும் இருவரும், பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் 'மேடம்' ஆகிவிடுவார்கள். காலையில் ஒரே கெட்டிலில் போட்ட டீயைக் குடித்துவிட்டு ஒன்றாக நடந்து வருவார்கள். மதில் முனையில் பிரிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பெரிய பள்ளியின் காவலாளி வந்து நிற்பார். "உங்க பிள்ளைங்க போடுற கூச்சல்ல எங்களுக்கு வாய்ப்பாடு ஓடலையாம். மேடம் சொல்லச் சொன்னாங்க" என்பார். பிள்ளை என்றால் கூச்சல் இருக்கத்தான் செய்யும் என்று மேடத்திடம் போய்ச் சொல்லுங்கள் என்று சின்ன மேடம் பதில் அனுப்புவாள். பாவம் காவலாளி, மதிலைச் சுற்றிச் சுற்றியே செருப்பு தேய்ந்தார்.

மதிலின் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. வருஷத்தில் ஒரு நாள்தான் அது திறக்கும். இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வரிசையாக அதன் வழியே அந்தப் பக்கம் போவார்கள். அன்று மாலையே வீட்டில் சண்டை ஆரம்பிக்கும். பென்சிலை விறகு மாதிரி பிடிக்கிறார்கள், நாற்காலியில் உட்காரச் சொன்னால் வழுக்கி விழுகிறார்கள், என்னத்தைத்தான் சொல்லிக்கொடுத்தாய் என்று பெரிய மேடம் கேட்பார். சிரிக்கச் சிரிக்க அனுப்புகிற பிள்ளைகளை ஒரே மாசத்தில் இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிடுகிறீர்களே என்று சின்ன மேடம் திருப்பிக் கேட்பாள். பேருந்து ஓட்டுநரான தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்குப் பழமொழி இல்லை, தினசரி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கல்வி அதிகாரி வந்து ஏறினார். சிரித்த முகம், பளபளக்கும் காலணி, 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லின் மேல் தீராத காதல். இரண்டு மேடத்தையும் ஒன்றாக உட்கார வைத்து, இரண்டு பள்ளியும் இனி ஒரே தொடக்கப் பள்ளி என்றார். மதில் போய்விடும். ஒரே மணி, ஒரே வாசல், ஒரே தலைமையாசிரியர். இன்னொருவர் துணைத் தலைமை. யார் எது என்று அலுவலகம் முடிவு செய்தால் யாராவது ஒருவர் மனம் வருத்தப்படுமே என்று அவருக்குக் கவலை.

"நீங்க ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? சாப்பிடும்போது பேசி முடிவு பண்ணிடுங்க. ஒரு வாரம் கழிச்சு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நெருப்பையும் பஞ்சையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறோம் என்று அந்த நல்ல மனிதருக்குத் தெரியவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சின்ன மேடத்துக்கு அந்த நாற்காலி வேண்டும். அதை மறைக்கவும் இல்லை. பிள்ளையின் முதல் நாள் அழுகையிலிருந்து எல்லாம் பார்க்கிறவள் தான்தானே என்பது அவள் நியாயம். பெரிய மேடத்துக்கும் வேண்டும். வயது, அனுபவம், தான் இருக்கும்போது வேறொருத்தி உட்காருவதா என்பது அவர் நியாயம். தம்பி இருவர் முகத்தையும் பார்த்தார். மறுநாளே பணிமனைக்குப் போய், யாராவது லீவு போட்டால் அந்த வண்டியையும் தானே எடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கப்புறம் மனிதரை வீட்டில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

பேச்சு கடைசியில் மாடிப்படியில் வெடித்தது. பொம்மை வைத்து விளையாட்டுக் காட்டுவதற்குப் பெயர் பள்ளிக்கூடமா என்று பெரிய மேடம் ஏதோ சொல்லப்போக, சின்ன மேடம் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"என் பசங்ககிட்ட ஒரு வாரம் இருந்து பாருங்க அண்ணி. அப்புறம் பேசலாம்."

"நான் இருப்பேன். நீ என் பசங்ககிட்ட ஒரு நாள் தாங்குவியா?"

பந்தயம் பிறந்துவிட்டது. இருவரும் பள்ளியை மாற்றிக்கொள்வது. யார் முதலில் தாங்கமாட்டாமல் மதிலைத் தாண்டித் தன் பக்கம் வருகிறாரோ, அவர் நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் வேலை முடிந்து வந்த தம்பியைச் சாட்சிக்கு நிறுத்தினார்கள். அவர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று இருவருக்குமே புரியவில்லை. அப்படி ஆட்டுவதற்கு அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

திங்கட்கிழமை காலை பெரிய பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் அணிவகுத்து நின்றார்கள். சின்ன மேடம் மேடையேறினாள். சலசலப்பு ஓயவில்லை. பழக்கதோஷம், அவள் வாயில் தானாக வந்துவிட்டது.

"எல்லாரும் அழகா உதட்டுக்குப் பூட்டு போடுங்க பார்ப்போம்."

முற்றம் ஒரு கணம் திகைத்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. ஐந்தாம் வகுப்பு வரிசையில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவன் பயபக்தியோடு உதட்டருகே கையைக் கொண்டுபோய், சாவியைத் திருகிப் பூட்டி, அந்தச் சாவியை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்தான். வகுப்பு முழுக்க அவனைப் பின்பற்றி எறிந்தது.

அன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் ஒரு சொல் கேட்கவில்லை. கணக்கு ஆசிரியர் கேள்வி கேட்டால் பிள்ளைகள் உதட்டைக் காட்டிக் கையை விரித்தார்கள். பெயர் கூப்பிட்டால் கை மட்டும் உயர்ந்தது. மதியம் கணக்கு ஆசிரியர் மீசை துடிக்க வந்து நின்று, பெரிய மேடம் இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்காமல் கேட்டுவிட்டுப் போனார். சின்ன மேடம் அறைக்குள் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளைகளின் அடம் அவளுக்குத் தெரியும். இது அடம் இல்லை, கிண்டல். அதற்கு அவளிடம் மருந்து இல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. பெரிய மேடம் வந்ததும் வராததுமாக எல்லாப் பிள்ளைகளையும் நேர்கோட்டில் நிறுத்த முயன்றாராம். தலையில் நிறுத்திவிட்டு வாலுக்குப் போவதற்குள் தலை கலைந்து மணலில் விளையாடப் போய்விட்டதாம். மதியம் ஒரு குழந்தை அவர் மடியில் ஏறித் தூங்கிவிட, எழுப்பத் தெரியாமல் கால் மரத்துப்போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். காவலாளி இதைச் சொல்லும்போது முகத்தை மிகவும் கஷ்டப்பட்டுச் சீரியஸாக வைத்துக்கொண்டார்.

மாலையில் பெரிய மேடம் வீடு வந்தபோது கஞ்சி போட்ட காலரில் நீல வர்ணம் அப்பியிருந்தது. முதுகில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது. எப்படிப் போனது என்று சின்ன மேடம் கேட்டாள். பிரமாதம் என்றார். உனக்கு எப்படி என்று அவர் கேட்க, பிள்ளைகள் ரொம்ப அமைதியாக இருந்தார்கள் என்றாள் இவள். அது உண்மைதானே. நட்சத்திரத்தைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. பெரிய மேடம் அதோடேயே கடைத்தெருவுக்குப் போய் வந்தார்.

செவ்வாய்க்கிழமையும் பூட்டு திறக்கவில்லை. சின்ன மேடம் ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உயரம் கூடியிருந்தது, பல் மாறியிருந்தது. ஆனால் அத்தனையும் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த முகங்கள். யாருக்கு இடி என்றால் பயம், யார் சோப்பைக் கடித்துப் பார்த்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இவ்வளவு பெரிய ஆயுதத்தை இடுப்பில் வைத்துக்கொண்டா இரண்டு நாளாக அடி வாங்கினோம் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

நேரே ரேடியோவிடம் போனாள். குனிந்து, தன்னிடம் ஒரு கள்ளச்சாவி இருக்கிறது என்றாள். அவன் புருவத்தை உயர்த்தினான். அவள் அவன் காதோடு சொன்னாள்:

"ஒண்ணாங்கிளாஸ்ல முயல் பொம்மைக்குக் காய்ச்சல்னு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய், பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்னு லீவு போட்டியே, அதச் சொல்லட்டுமா?"

ரேடியோவின் காது சிவந்தது. "டீச்சர், பூட்டு திறந்துடுச்சு" என்றான்.

அதைக் கேட்டதும் மற்ற பூட்டுகளும் படபடவென்று திறந்தன. அடுத்தது யார் காது என்று ஒருத்தருக்கும் தெரியாதே. கணக்கு ஆசிரியர் அன்று கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் வந்தது, சரியோ தப்போ.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததைச் சின்ன மேடம் எதிர்பார்க்கவில்லை. இடைவேளையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, தன்னைப் பற்றி என்ன தெரியும், தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். சின்ன மேடம் மெதுவாகச் சொன்னாள்: நீ மழை பெய்தால் வெளியே வைத்த செடிக்குக் குடை பிடிப்பாய். அந்தப் பெண் சிரித்தபடி ஓடினாள். அடுத்த நாள் இடைவேளையில் அறை வாசலில் வரிசை நின்றது. ரகசியம் காக்கச் சொல்லி இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள. "நான் எப்படி டீச்சர் இருந்தேன்?" மீசை முளைக்கப்போகிறது என்று நம்பிக்கொண்டிருந்த பையன்கள்கூட வந்தார்கள். சின்ன மேடம் டீ ஆறிப்போக ஆறிப்போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இப்படியொரு சுகம் இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். நாற்காலி கையில் விழுந்த மாதிரிதான் என்றும் நினைத்தாள்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மதிலின் சின்னக் கதவு திறந்தது. பெரிய மேடம் அந்தப் பக்கத்தில் நின்றார், நிலைப்படியை மிதிக்காமல். கொஞ்சம் இங்கே வரும்படி கூப்பிட்டார். சின்ன மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. தாங்க முடியவில்லை போலிருக்கிறது, அதனால் இவளைத் தாண்ட வைத்து ஜெயிக்கப் பார்க்கிறார். நீங்களே வாருங்களேன் மேடம் என்றாள்.

"விளையாடாத. உன் மேகத்துக்குக் காது கேக்கல."

சின்ன மேடம் எப்படி அந்தப் பக்கம் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை.

மேகம் என்பது முதல் வகுப்பில் ஒரு பையன். எப்போதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பெயரை வைத்ததே சின்ன மேடம்தான். கனவு காண்கிற பிள்ளை, காணட்டும் என்று விட்டிருந்தாள். அவள் உள்ளே வந்தபோதும் அவன் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய மேடம் அவனுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெரிய பள்ளியையே நடுங்க வைக்கும் அந்தக் குரலுக்கு அவன் திரும்பவில்லை. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தரையில் போட்டார். எல்லாப் பிள்ளைகளும் துள்ளித் திரும்பினார்கள். மேகம் அவர்கள் திரும்புவதைப் பார்த்துவிட்டு, கடைசியாகத் திரும்பினான்.

சின்ன மேடம் ஓடிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டு, என்னடா ராஜா பண்ணுகிறாய் என்று கேட்டாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, மேகம் யானை மாதிரி இருக்கிறது என்று அழகாகப் பதில் சொன்னான்.

"பாத்தியா," என்றார் பெரிய மேடம். "நீ எப்பவும் குனிஞ்சு முகத்துக்கு நேரா பேசுற. அவன் உன் வாயப் பாத்தே புரிஞ்சுக்கிறான். நான் நிமிந்து நின்னு கத்துறவ. எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால்கூடத் தேவலை என்று சின்ன மேடத்துக்கு இருந்தது. முதலில் திமிர் என்றுதான் தானும் நினைத்ததாகப் பெரிய மேடம் சொன்னார். ஆனால் அடம் பிடிக்கிற பிள்ளைக்குத் தோள் விறைக்குமாம். அவனுக்கு விறைக்கவில்லையாம். அவர் சொல்லிக்கொண்டே போனார். சின்ன மேடத்துக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து தன் கண்ணெதிரே இருந்த பிள்ளை. அன்பு அன்பு என்று கொட்டிய இடத்திலேயே கண் மறைந்துபோயிருக்கிறது. அவள் மேகத்தின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே மேகத்தின் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்த அம்மாள் தையல் கடையில் வேலை செய்கிறவர். வீட்டில் கூப்பிட்டால் வராதபோதெல்லாம் அவனைத் திட்டியிருப்பதாகச் சொல்லி அழுதார். மறுநாள் இரண்டு மேடமும் கூடவே மருத்துவமனைக்குப் போனார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, சின்ன சிகிச்சையில் சரியாகிவிடும், பார்த்தது நல்லதாகப் போயிற்று என்றார் காது மருத்துவர். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டபோது சின்ன மேடம் நாத்தனாரைக் காட்டினாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அவளே பேச்சை எடுத்தாள். மதிலைத் தாண்டியது நான்தான், தோற்றுவிட்டேன் என்றாள். சொல்லும்போதே, அதெல்லாம் கணக்கில் வராது, பிள்ளைக்காகத்தானே வந்தாய் என்று அண்ணி சொல்வார் என்று மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

பெரிய மேடம் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார்.

"தோத்தது தோத்ததுதான்," என்றார்.

தம்பி தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார். சின்ன மேடத்துக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பாத்திரங்களை அவள் கழுவிய வேகத்தில் இரண்டு நெளிந்தன. ஆனால் படுத்தபோது யோசித்துப் பார்த்தாள். 'பரவாயில்லை, நீயே வைத்துக்கொள்' என்று அண்ணி நாற்காலியைத் தூக்கிக் கொடுத்திருந்தால், அதில் உட்காரும் ஒவ்வொரு நாளும் மேகத்தின் முதுகல்லவா கண்ணில் நின்றிருக்கும். அப்படி யோசித்தபின் தூக்கம் வந்தது. கோபமும் போகவில்லை, அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது.

கல்வி அதிகாரி வந்தார். பெரிய மேடம்தான் தலைமை என்று சின்ன மேடமே சொன்னாள். எவ்வளவு பெருந்தன்மை, இதுவல்லவா ஒருங்கிணைப்பு என்று அவர் உருகினார். பெரிய மேடம் அடக்கமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தார். "சரி, அடுத்த விஷயம்" என்றார் பெரிய மேடம்.

அடுத்த விஷயம் இதுதான்: துணைத் தலைமைக்குத் தனி அறை வேண்டாம், தன் அறையிலேயே எதிரெதிராக மேஜை போட வேண்டும். "ஒரு பிள்ளையப் பத்தி நான் ஏதாவது முடிவு பண்ணும்போது இவ எதிர்ல இருக்கணும். இவ பண்ணும்போது நான் இருக்கணும்" என்றார். வீட்டில் ஒரே கூரை போதாதென்று பள்ளியிலும் ஒரே கூரையா என்று சின்ன மேடத்துக்கு மூச்சு முட்டியது. கிடைத்த நேரத்தில் அவளும் தன் பங்குக்குக் கேட்டாள். மூன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளோடு முதல் பருவம் முழுக்க இரண்டாம் வகுப்பு ஆசிரியையும் கூடவே போக வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குத் தினமும் ஒரு பாடவேளை தனக்கு வேண்டும். பெரிய மேடம் முதலாவதற்குச் சம்மதித்தார். இரண்டாவதற்குப் பார்க்கலாம் என்றார். அந்த வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் அரை வெற்றி.

விடுமுறையில் மதிலை இடித்தார்கள். பள்ளி திறந்த அன்று, முதன்முதலாகச் சின்னதும் பெரிசுமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் நின்றார்கள். பெரிய மேடம் உரையாற்றினார். ஒழுக்கத்தில் ஆரம்பித்து, நேரந்தவறாமை வழியாக, நகம் வெட்டுதலுக்கு வந்தார். முன் வரிசைப் பொடிசுகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் படுத்தன. அப்போது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் முற்றம் முழுவதும் கேட்கும்படி கணீரென்று எழுந்தது.

"மேடம், ரொம்ப சத்தமா இருக்கு."

மேகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். பெரிய மேடம் அவனைப் பார்த்தார், கையிலிருந்த மைக்கைப் பார்த்தார், அதை அணைத்துக் காவலாளியிடம் கொடுத்தார். நகத்தைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் கண் கலங்கியிருந்ததைச் சின்ன மேடம் பார்த்தாள். தூசி என்றார் அவர். இடித்த செங்கல்லை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

புது அறையில் இரண்டு மேஜைகளும் எதிரெதிரே போட்டிருந்தன. ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றாள் சின்ன மேடம், காற்று வராமல் எப்படி. காகிதமெல்லாம் பறக்கும், மூடித்தான் இருக்க வேண்டும் என்றார் பெரிய மேடம். பேச்சு வளர்ந்தது. மேடமா அண்ணியா என்று இருவருக்கும் மறந்துபோகும் அளவுக்கு வளர்ந்தது. வாசலில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று ஒற்றைச் செருப்போடு வந்து நின்றது. இன்னொன்று மரத்தில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னது. இரண்டு மேடமும் ஒன்றாக எழுந்தார்கள். கதவில் இடித்துக்கொண்டு, யார் முதலில் போவது என்று ஒரு கணம் நின்றார்கள். பிறகு பெரிய மேடம் முன்னால் நடந்தார். சின்ன மேடம் போகிற போக்கில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பின்னால் போனாள்.